சுட்டால்தான் செலவு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு ஊரில் சொல்லி அனுப்பும் புத்திமதிகளில் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, குளிருக்குக் காதை மூடு, ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவரில் சுற்று, யாருக்கும் ஜாமீன் நிற்காதே. ‘துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் கடைசியில் வாங்கு’ என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து கவன்ட்ரிக்கு முதுகலைப் பொறியியல் படிக்க வந்த எனக்கும் யாரும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உறவினர்கள் பதற வேண்டாம். இது ஏர்சாஃப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, நடுவில் நிறுத்தி டீ குடிக்கும் விளையாட்டு. பிறந்த இடம் ஜப்பான். அங்கே சாதாரண மனிதர் துப்பாக்கி வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட நடவாத காரியம். அதனால் நிஜத்தை அப்படியே நகலெடுத்த பொம்மைகளைச் செய்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். 1991-ல் டோக்கியோ மருயி நிறுவனம் பேட்டரியில் ஓடும் ஃபாமாஸ் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. இன்று காட்டில் தூக்கிக்கொண்டு அலையும் மின்சாரத் துப்பாக்கிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தவள். உள்ளே ஒரு மோட்டார், மூன்று பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன். சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் முன்னால் தள்ளும், நடுவில் அகப்பட்ட காற்று குண்டைத் துரத்திவிடும். மருந்தும் இல்லை, புகையும் இல்லை. நம் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கிகூட இதைவிட ஆபத்தான வாசனை அடிக்கும்.

எனக்கிருந்த முன் அனுபவம் ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் பலூன் சுட்டது. அதிலும் பலூனைவிடப் பின்னால் கட்டியிருந்த படுதாவுக்குத்தான் சேதம். இருந்தும் ஏன் சேர்ந்தேன் என்றால், செப்டம்பர் கடைசியில் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்கள் மேசை போட்டு ஆள் பிடிப்பார்கள். புத்திசாலிப் பிள்ளைகள் அன்று ஒரு பெரிய பையோடு போய், வருஷத்துக்கு வேண்டிய பேனாவையும் துணிப்பையையும் அள்ளிக்கொண்டு வருவார்கள். ஏர்சாஃப்ட் சங்கத்து மேசையில் பீட்சா இருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டாவது துண்டு. போட்டேன்.

இனி செலவுக் கணக்கு. இங்கே வந்த புதிதில் எல்லாரும் பவுண்டை நூறால் பெருக்கி மூச்சடைத்து நிற்போம். தண்ணீர் பாட்டில், பஸ் டிக்கெட், ஒரு கட்டு கொத்தமல்லி, எதைப் பார்த்தாலும் பெருக்கல்தான். கொஞ்ச நாளில் அது அலுத்துப்போய் வேறு நாணயத்துக்கு மாறினேன். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். 2024 ஏப்ரலில் 21 வயதானவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. ஆக, என் பொருளாதாரத்தின் அலகு ‘பாத்திர மணி’. ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே அதன் பின்னால் எத்தனை வாணலி அடுக்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பார்வை வந்தவர்களுக்கு எந்தக் கடையிலும் ஆபத்தில்லை.

துப்பாக்கி விஷயத்தில் இங்கிலாந்துச் சட்டமும் அம்மாக்களின் கட்சி. 2006-ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, 2007 அக்டோபரிலிருந்து நிஜம்போலவே தோன்றும் போலித் துப்பாக்கிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் குற்றமாக்கிவிட்டார்கள். சினிமாக்காரர், நாடகக்காரர், அருங்காட்சியகம் என்று சிலருக்கு விலக்கு. ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்களுக்கும் உண்டு. ஆனால் ‘நான் ஆடுகிறவள்’ என்று வாயால் சொன்னால் போதாது. கடைக்காரர் சங்கம் ஒன்று யூகேஆரா என்ற பெயரில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏற, காப்பீடு உள்ள மைதானத்தில் குறைந்தது 3 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே வாரத்தில் ஆடி முடித்துவிட்டு வந்து நிற்க முடியாது. முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 56 நாளாவது ஓடியிருக்க வேண்டும்.

அதுவரை கை அரிக்கிறவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 18 வயது முடிந்திருந்தால், பெரும்பகுதி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் துப்பாக்கியை வாங்கலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் எல்லாம் உண்டு. வாங்கி வந்து வீட்டில் ரகசியமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்தால்? அடித்த நிமிஷம் நீங்கள் ஒரு போலித் துப்பாக்கியை நிஜம்போலவே தோன்ற ‘மாற்றியவர்’. அதுவும் குற்றம். நம் ஆட்கள் யோசிக்கக்கூடிய குறுக்கு வழிகளையெல்லாம் லண்டனில் யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பணமில்லாத மாணவிக்கு இந்த 56 நாள் ஒரு வரம். வசதியுள்ளவன் முதல் வாரத்திலேயே வாங்கிக் குவித்து, மூன்றாம் வாரத்தில் சலித்து, அலமாரிமேல் போடுவான். நானோ சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கௌரவமாக வாடகைத் துப்பாக்கியோடு திரியலாம். நான் போன மைதானத்தில் நுழைவுக் கட்டணம், துப்பாக்கி, முகமூடி, ஒரு பை குண்டு எல்லாம் சேர்ந்து நான்கு பாத்திர மணி. சங்கத்து அலமாரியில் பொதுத் துப்பாக்கிகள் இருந்ததால் அடுத்தடுத்த ஆட்டங்களில் அதுவும் குறைந்தது. பழுதானால் அவர்கள் பாடு. ஆசை 56 நாள் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். பல ஆசைகள் தாங்குவதில்லை. எங்களோடு பீட்சா தின்றவர்களில் பாதிப் பேரை நவம்பர் மழைக்குப் பிறகு பார்க்கவே முடியவில்லை.

முதல் செலவு கண்ணுக்கு. இதில் கஞ்சத்தனம் கூடாது. கட்டட வேலைக்காரர் போடும் சாதாரணக் கண்ணாடி உதவாது. முகத்தோடு ஒட்டி, பக்கவாட்டிலும் இடைவெளி விடாத, அடி தாங்கும் காகிள்ஸ் வேண்டும். பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே என்ன ஆனாலும் அதைக் கழற்றக் கூடாது. எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டி. மூக்குக்கண்ணாடி, அதன்மேல் காகிள்ஸ், நடுவில் என் மூச்சு. இங்கிலாந்துக் குளிரில் இந்த மூன்றும் சேர்ந்தால் காட்டுக்குள் எனக்கு மட்டும் தனியாக மார்கழி. மூடுபனியில் மரத்தைப் பார்த்து ‘சரணடை’ என்று கூவியதை மரம் பொருட்படுத்தவில்லை. இதற்கென்று ஸ்பிரே விற்கிறார்கள், ஒரு பாத்திர மணிக்குக் கிட்டத்தட்ட. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை உள்பக்கம் தடவி மெல்லிய துணியால் துடைத்தால் அதே வேலை நடக்கும். அந்தத் திரவத்தின் குணநலன்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பல். இந்தக் குண்டு பல்லில் பட்டால் பல் சில்லு தெறிக்கும். விசா எடுக்கும்போதே மாணவர்கள் வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். பல் வைத்தியத்துக்கு அது போதாது, தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஆகவே கீழ் முகத்தை மூடும் இரும்பு வலை முகமூடி ஒன்று, இரண்டு பாத்திர மணிக்குள். அதைப் போட்டால் பேசுவது யாருக்கும் புரியாது. எங்கள் அணித் தலைவர் இதை ஒரு நன்மையாகவே கருதினார்.

மூன்றாவது, கால். சேறு, முள்செடி, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழி. கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் இல்லாமல் போனால் எதிரி தேவையில்லை. தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் தேடினால் கிடைக்கும். பேன்ட்டுக்கு ராணுவ உபரிக் கடை. பிரிட்டிஷ் ராணுவம் 2010 வாக்கில் புதிய உருமறைப்புத் துணிக்கு மாறத் தொடங்கியதால், டிபிஎம் என்ற பழைய பச்சைப் பழுப்புத் துணி கடைகளில் மலிவாகத் தொங்குகிறது. கிடைத்த பேன்ட் ஆறடிச் சிப்பாய்க்குத் தைத்தது. ஐந்தடி சொச்சமுள்ள எனக்கு இடுப்பு என்று எழுதியிருந்த இடம் விலாவுக்கு வந்தது. அம்மா பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருந்த ஊக்குப் பட்டை அன்றுதான் கைகொடுத்தது. எல்லாரும் கழுத்துக்கு அரபுத் துண்டு வாங்கியபோது நான் பழைய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். ‘செத்துவிட்டேன்’ என்று காட்டத் தலையில் போடும் சிவப்புத் துணியும் அதன் தங்கைதான்.

இத்தனைக்கும் பிறகுதான் துப்பாக்கி. படிப்பு முடித்து ஊர் திரும்பும் சீனியர் ஒருவரிடமிருந்து வந்தது. நிறம், பளீர் நீலம். காட்டில் எந்தச் செடியும் அந்த நிறத்தில் பூப்பதில்லை. அதனால்தான் அதற்கு மறுவிற்பனை விலை கிடையாது, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது. கூடவே 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி. தொலைபேசிக்குப் போடுவதுபோல் இதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது. கெட்டால் தீப்பிடிக்கும். தீத்தாங்கும் பைக்குள் வைத்து, அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். “அக்கா, வீட்டக் கொளுத்திராதீங்க, டெபாசிட் போயிரும்” என்றாள் கூட இருக்கும் ஈரோட்டுப் பெண். உயிரைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் நீலம் அம்மாவின் கண்ணில் பட்டது.

“ஏட்டி, பின்னால நீலமா என்னது அது?”

“துப்பாக்கிம்மா.”

“படிக்கப் போனியா, பட்டாளத்துக்குப் போனியா?”

“வெளையாட்டும்மா. பிளாஸ்டிக் குண்டு.”

“எவ்வளவு?”

மரபுப்படி பாதி விலை சொன்னேன்.

“அதுக்கு ஒரு நல்ல சேலை எடுத்திருக்கலாம்லா?”

அந்தப் பக்கம் பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது: “இடது கண்ண மூடிச் சுடச் சொல்லு.”

அடுத்த சிக்கல், அதை மைதானம்வரை கொண்டுபோவது. பொது இடத்தில் தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியோடு நடமாடுவது இங்கே குற்றம். ஆட்டத்துக்குப் போவது தக்க காரணம்தான், ஆனாலும் வெளியே தெரியாமல் பையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று விற்கும் பை மூன்று பாத்திர மணி. வீட்டில் யாரோ விட்டுப்போன கிட்டார் பை சும்மா கிடந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பாட்டி ஆசையாக விசாரித்தார், என்ன வாத்தியம் என்று. தாள வாத்தியம் என்றேன்.

பஸ் பாதித் தூரம்தான். காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. மீதித் தூரத்துக்கு ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொள்வார். பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்கப் போனால் வாங்கமாட்டார், என் டப்பாவிலிருக்கும் புளியோதரையில் பங்கு கேட்பார். அவருடைய சாமான்களின் மதிப்பைப் பாத்திர மணியில் கணக்கிட்டால் நான் பேரன் பேத்தி எடுக்கும்வரை கழுவ வேண்டும். தலையில் ஒலிவாங்கி, தோளில் விளக்கு, மார்பில் ஏழெட்டுப் பை.

காலையில் முதல் வேலை எடை போடுவது, மனிதரை அல்ல, வேகத்தை. ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கருவிக்கு முன் சுட்டுப் பார்ப்பார்கள். 2017-ல் வந்த சட்டப்படி தானாகத் தொடர்ந்து சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் உச்சவரம்பு. மைதானங்கள் இன்னும் கீழேயே நிறுத்துகின்றன. 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 350 அடி என்பது பரவலான கணக்கு, ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 1.14. கேட்கச் சின்ன எண்தான். குளிரில் விறைத்த விரல் நுனியில் பட்டுப் பாருங்கள், அந்த 1.14 ஜூலும் தனித்தனியாகத் தெரியும்.

ஆக, பணம் கொடுத்து யாரும் வேகத்தை வாங்க முடியாது. பிறகு தூரம் எங்கிருந்து வருகிறது? குழலின் தொடக்கத்தில் மேல்பக்கமாக ஒரு சின்ன ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். அதை உரசிக்கொண்டு போகும் குண்டு பின்சுழற்சியோடு வெளியேறும். சுழல்பந்தைக் காற்றிலேயே விலகவைக்கும் மேக்னஸ் விளைவுதான் இதைக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் குண்டு பாதி வழியில் படுத்துவிடும், கூடினால் வானத்துக்குக் கிளம்பிவிடும். திருகைச் சரியாக வைக்கக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். குழலைத் துடைத்து, ரப்பரை மாற்றி, ஒரு மத்தியானம் முழுக்கத் திருகிக்கொண்டிருந்ததில் என் நீலம் நேர்கோட்டில் சுட ஆரம்பித்தது. தபால்காரர் அன்று திருகைப் பார்க்காமல் வந்துவிட்டார். அவருடைய விலையுயர்ந்த துப்பாக்கி காலை முழுவதும் எங்கள் தலைக்கு வெகு மேலே, அணி சேராத பறவைகளோடு போர் நடத்தியது.

குண்டுச் செலவுக்கு வருவோம். 0.20 கிராம் குண்டு ஒரு கிலோ வாங்கினால் 5,000 இருக்கும். விலை ஏறக்குறைய ஒரு பாத்திர மணி. பழைய பெருக்கல் புத்தி தலைதூக்க, ஒன்று என்ன விலை என்று போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 25 பைசா. நம் ஊரில் 25 பைசா 2011 ஜூனோடு செல்லாக்காசு, தரையில் கிடந்தாலும் யாரும் குனியமாட்டார்கள். ஆனால் விசையை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பதினைந்து குண்டு போகும். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட நான்கு ரூபாய். முந்நூறு கொள்ளும் மேகசின் ஒன்றைப் புதருக்குள் கொட்டி முடிப்பது, நெல்லையில் ஒரு ஊத்தப்பமும் காபியும் வாங்கி அதே புதருக்குள் எறிவதற்குச் சமம். எதிரில் இருந்த பையன்கள் காலைப்பொழுதில் எத்தனை ஊத்தப்பம் எறிந்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரியும்.

கீழே சிந்தியதைப் பொறுக்கவும் கூடாது. ஒட்டியிருக்கும் மண் குழலைக் கீறும், அடைக்கும். சிந்திய அரிசியைப் பொறுக்கி வளர்ந்த கைக்கு இதைப் புரியவைப்பதுதான் இந்த விளையாட்டிலேயே கடினமான பயிற்சி. காட்டு மைதானங்களில் மக்கும் குண்டுகள்தான் பெரும்பாலும் அனுமதி. மண் அதைத் தின்னும், நான் பொறுக்கக் கூடாது.

எனவே நான் ஒவ்வொன்றாகச் சுடுகிறவள் ஆனேன். சிக்கனம் வெளியிலிருந்து பார்த்தால் வீரம்போலவே தெரியும். ஊத்தப்பக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓட, நான் பெரணிச் செடிகளுக்குப் பின்னால் நீலத்தின்மேல் துப்பட்டாவைப் போட்டுப் படுத்திருப்பேன். சும்மா இருக்கும் குண்டுக்குச் செலவில்லை. அவர்கள் மேகசின் மாற்றக் குனியும்போது ஒரே ஒரு 25 பைசா. இதைச் சங்கத்தில் நிதானம், போர்த்தந்திரம் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். வாணலி என்று சொல்லி நான் அதைக் கெடுக்கவில்லை.

இந்த விளையாட்டில் முக்கியமான சரக்கு ஒன்று எந்தக் கடையிலும் கிடையாது. பெயின்ட்பாலில் அடிபட்டால் சாயம் காட்டிக்கொடுக்கும். இங்கே பட்ட தடயமே இருக்காது. பட்டவர் தானே கையைத் தூக்கி “ஹிட்!” என்று கத்தி, சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவிட வேண்டும். நடுவர் உண்டு, ஆனால் காடு பெரிது. சின்ன வயசில் தெருவில் கள்ளன் போலீஸ் ஆடிய தலைமுறைக்கு இது நம்ப முடியாத ஏற்பாடு. எங்கள் தெருவில் யாரும் செத்ததாக வரலாறே இல்லை. “படல”, “டைம் ப்ளீஸ்”, “அம்மா கூப்பிடுதா”, முடிந்தது ஆட்டம். அழுகுணி ஆட்டம் இங்கேயும் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களில் சிலருக்குச் சாக மனசு வருவதில்லை, போட்ட முதல் வீணாகிறதே என்ற கவலை. தபால்காரர் அப்படியில்லை. ஒருமுறை மரக்கிளையில் பட்டுத் திரும்பிய குண்டு அவர் முதுகுப்பையைத் தொட்டது. யாரும் பார்க்கவில்லை, சுட்டவனுக்கே தெரியாது. மனிதர் கையைத் தூக்கிவிட்டுச் சேற்றில் மேடேறி நடந்தார், முழங்கால் வலியோடு. அவருடைய சாமான்களில் நான் பொறாமைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதற்குப் பாத்திர மணியில் விலை போட முடியவில்லை.

டிசம்பரில் ஆட்டக் கணக்கும் நாள் கணக்கும் சரியாகி, மைதானத்தில் படிவம் நிரப்பி, பதிவேட்டில் பெயர் ஏறியது. இப்போது கறுப்பில், நிஜம்போலவே இருக்கும் துப்பாக்கியை வாங்க எனக்கு உரிமை உண்டு. கடையின் தளத்தைத் திறந்து நல்லதாக ஒன்றைப் பார்த்தேன். பதினைந்து பாத்திர மணி. கூடையில் போட்டேன், எடுத்தேன், போட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்தும் அதே ஆறு மில்லிமீட்டர், அதே ஜூல், அதே 25 பைசாதான் வரப்போகிறது. அந்தப் பணத்துக்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளையே எடுத்துக்கொண்டேன். நீலத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து யாராவது என்னைச் சுட்டுவிட்டால், சுடட்டும். குண்டுச் செலவு அவர்களுடையது. சாவதற்கு என்னிடம் யாரும் காசு கேட்பதில்லை.